வெற்றிலைச் சிவப்பிலிருந்து வெனீர் வெள்ளை வரை

தோட்டத்துக் குடும்பங்களில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். தாத்தா நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பார். பிள்ளைகள் உயர வரிசைப்படி நிற்பார்கள். பல் தெரியச் சிரித்தவர் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். அதே குடும்பத்துப் பேத்தியின் திருமண ஆல்பத்தைத் திறந்தாலோ முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை பளிச்சென்ற பல் வரிசைதான். பாட்டி மூடிய வாயைப் பேத்தி திறந்துவிட்டாள். இடையில் கழிந்தது ஏறக்குறைய நூறு ஆண்டு.

அந்தப் பேத்திகளும் பேரன்களும் இன்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெனீர் போடலாமா?" என்பதே அது. பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய மேலோடுதான் வெனீர். கறை, இடைவெளி, நுனி உடைந்த பல், கோணல் ஆகியவற்றை மறைத்துச் சிரிப்பை மாற்றித் தருகிறது. என்ன விலை, எத்தனை பல், எந்த வெள்ளை என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பல் வெண்மை எப்போது அழகாயிற்று, பாட்டி ஏன் வாயை மூடினார் என்று கேட்பவர்கள் குறைவு. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வியே முக்கியம் என்பது புரியும்.

கறுத்த பல்லே அழகு

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மெலாவத்தி குன்று நிற்கிறது. சிலாங்கூர் சுல்தான்கள் ஆண்ட பழைய கோட்டை அங்கேதான் இருந்தது. 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்த கதையைக் கோலசிலாங்கூருக்குச் சுற்றுலா போனவர்கள் அறிவார்கள். அந்தக் காலத்தில் இக்கரையில் வாழ்ந்த பெண்ணிடம் வெள்ளைப் பல் வேண்டுமா என்று கேட்டிருந்தால் அவள் சிரித்திருப்பாள்!

மலாய் உலகில் பருவமடைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் பல்லை அராவி மட்டப்படுத்துவது ஒரு சடங்காக நடந்தது. அராவிய பல்லுக்குக் கருமை ஏற்றுவதும் உண்டு. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுக்கும் கரிய பிசினைப் பூசுவார்கள். சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த வால்டர் ஸ்கீட் என்ற ஆங்கிலேயர், 1900இல் வெளியான 'மலாய் மந்திரம்' என்ற பொருள் தரும் தம் நூலில் பல் அராவும் சடங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். தென்கிழக்காசியாவின் பல பகுதிகளில் வெள்ளைப் பல் என்பது நாய்க்கும் பேய்க்கும் உரியது என்ற எண்ணம் இருந்தது. பல்லைக் கறுப்பாக்கிக் கொண்டவரே நாகரிகமான மனிதர்.

ஆகப் பல்லை மாற்றி அழகு தேடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அன்று அராவினார்கள், இன்றும் தேய்க்கிறார்கள். வண்ணம்தான் மாறியிருக்கிறது.

தமிழர் வழி சற்று வேறு. முல்லை அரும்பையும் முத்தையும் பல்லுக்கு உவமை சொன்ன மரபு நம்முடையது. வெள்ளைப் பல்லை விரும்பியவர்களே வெற்றிலையால் சிவந்த வாயையும் விரும்பினார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் கடைசியாக உண்ட உணவுக்குப் பிறகு கண்ணகி அவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். தாம்பூலம் மாற்றினால்தான் திருமணம் நிச்சயம். தாம்பூலம் இல்லாத விருந்து விருந்தே இல்லை. இந்தப் பழக்கத்தோடுதான் நம் முன்னோர் கப்பலேறினார்கள்.

வெற்றிலைப் பையோடு வந்த கூட்டம்

ஆங்ரி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சு இளைஞர் 1905இல் மலாயா வந்தார். சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்து ரப்பர் நட்டார். 1917இல் இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வர்த்தக முறையில் பயிரிட்டார். மலேசியாவின் செம்பனைத் தொழில் பிறந்தது அங்கேதான். மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. உலகப் புகழ் பெற்ற அந்தத் தோட்டத்தின் பெயர் தமிழ்ப் பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே வியர்வை சிந்தியவர்கள் யார் என்பதற்குப் பெயரே சாட்சி.

பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, ரிவர்சைட் என்று ஆற்றின் இரு பக்கமும் தோட்டங்கள் பெருகின. வடக்கே உலு சிலாங்கூரில் நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று தோட்டங்கள் நீண்டன. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்தார். வந்தவர்களின் இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப் பை இருந்தது.

விடியும் முன்பே பிரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு பால்மரக் காட்டுக்குள் நடக்க வேண்டும். பனி, கொசு, அட்டை எல்லாம் தாங்க வேண்டும். சோறு பொங்கிச் சாப்பிட நேரம் இருக்காது. சீனி தூக்கலாகப் போட்ட கறுப்புக் கோப்பி ஒரு மங்கு. அதற்குப் பிறகு பசியை அடக்கவும் உடம்பில் சூடு ஏறவும் வாயில் ஒதுக்கிக்கொள்ள வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. பாக்கில் உள்ள ரசாயனமும் புகையிலையும் சேர்ந்து சோர்வைப் போக்கி ஒரு விறுவிறுப்பைத் தரும். எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டும் பெண்ணுக்கு அது கூடவே வரும் துணை. அதைச் சோம்பேறிப் பழக்கம் என்று சொன்னவர்கள் அந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் அல்லர்.

பல் துலக்கும் வழக்கமும் ஊரிலிருந்து வந்ததுதான். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழியை எல்லாரும் அறிவார்கள். தோட்டத்தில் வேப்பங்குச்சி கிடைத்தால் வேப்பங்குச்சி. இல்லாவிட்டால் அடுப்புக்கரியும் உப்பும். சிலர் செங்கல் பொடியும் மணலும் வைத்துத் தேய்த்தார்கள். பிற்காலத்தில், இலங்கை வானொலி விளம்பரத்தால் கடல் கடந்து பெயர் பெற்ற மதுரைக் கோபால் பல்பொடி பல வீடுகளில் விரலுக்கு ரோஜா நிறம் ஏற்றியது.

கரியும் மணலும் கறையை எடுத்தது உண்மை. கூடவே பல்லின் மேல் உறையையும் எடுத்துவிட்டது. எனாமல் என்று சொல்லப்படும் அந்த உறைதான் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் ஒருமுறை போனால் மறுபடி வளராது. எனாமல் தேயத் தேய உள்ளே இருக்கும் மஞ்சள் நிறமான பகுதி வெளியே தெரியும். வெள்ளையாக வேண்டும் என்று அழுத்தித் தேய்த்தவர்களின் பல் மேலும் மஞ்சளானது இப்படித்தான். வெனீரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாடத்தை மறுபடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிடுங்குவதே வைத்தியம்

அந்தக் காலத்தில் தோட்டத்தின் எமன் மலேரியா. கொசு ஒழிப்பைத் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் சாவைக் குறைத்த டாக்டர் மால்கம் வாட்சனின் பெயர் மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டது. காய்ச்சலில் ஆள் சாகும் இடத்தில் பல்லைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்ட முதலாளிகள் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்றது. தோட்டத்து ஆஸ்பத்திரி வந்தது. டிரஸ்ஸர் வந்தார். கொய்னா மருந்து வந்தது. பல் டாக்டர் வரவில்லை.

பல்வலி வந்தால் கிராம்பு வைப்பார்கள். வீக்கம் வந்தால் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பார்கள். தாங்க முடியாமல் போனால் டிரஸ்ஸரிடமோ டவுனிலோ போய்ப் பிடுங்கிக்கொள்வார்கள். காப்பாற்றக்கூடிய பல் எது என்று பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. அப்போது இந்த வட்டாரத்தில் படித்த பல் வைத்தியர்களே மிகக் குறைவு. சிங்கப்பூரில் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியதே 1929இல்தான்.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தொழிலைக் கைவழியாகக் கற்றுக்கொண்ட பல் கட்டுவோர். டவுன் கடைவீதிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல் செட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1948ஆம் ஆண்டின் பல் வைத்தியர் பதிவுச் சட்டம், ஏற்கெனவே தொழில் செய்துவந்த இத்தகையோரையும் தனிப் பிரிவில் பதிவு செய்துகொண்டது. அவர்களை விட்டால் மக்களுக்கு வேறு ஆள் இல்லாததுதான் காரணம்.

அவர்களிடம்தான் நம்மவர்கள் முதன்முதலாகச் சிரிப்பை விலைக்கு வாங்கினார்கள். அதுதான் தங்கப் பல். முன்பல்லுக்குத் தங்க உறை போட்டுக்கொள்வது அன்று எல்லா இனத்தாரிடமும் இருந்த நாகரிகம். நல்ல பல்லைக்கூட அராவித் தங்கம் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. சிரித்தால் மின்ன வேண்டும், பேசினால் ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. கங்காணிக்கும் தண்டலுக்கும் அது கௌரவ அடையாளம். இன்றைய வெனீருக்கு அதுதான் அண்ணன் முறை.

மாற்றம் பள்ளிக்கூடம் வழியாக வந்தது. நியூசிலாந்து நாட்டு முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே பயின்ற பெண்கள் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள், சொத்தையை அடைத்தார்கள், பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளிக்குப் பல் மிஸ்ஸி வருகிறார் என்றால் அழுதுகொண்டே வரிசையில் நின்ற பிள்ளைகள், பிற்காலத்தில் தங்கள் பல் தப்பியது அவர்களால்தான் என்பதை உணர்ந்தார்கள். 1957இல் ஜொகூர் பாருவில் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கினார்கள். 1972இல் அது நாடு முழுமைக்குமான கொள்கையாயிற்று. அதே காலகட்டத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் படிப்பும் தொடங்கியது. கிணற்றையும் ஆற்றையும் நம்பிய தோட்டங்களுக்கு இந்த நன்மை, சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வந்த பிறகே எட்டியது.

இப்படி ஒரே லயத்தில் இரண்டு தலைமுறை உருவானது. பிரஷ் பிடித்த பிள்ளைகள் ஒரு பக்கம். வெற்றிலை போட்ட பெரியவர்கள் மறு பக்கம். பள்ளிக்குப் போன பெண் தன் தாயின் வாயைப் பார்த்து முகம் சுளிக்கத் தொடங்கினாள். தாயும் புதியவர்கள் முன்னால் சிரிக்கும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்ளத் தொடங்கினார். முன்பு அழகாக இருந்த சிவப்பு வெட்கமாக மாறியது அப்போதுதான்.

மூடிய வாய்க்குள் வளர்ந்த நோய்

வெட்கம் வெறும் வெட்கத்தோடு நிற்கவில்லை. அதற்குக் கொடுத்த விலை பெரிது.

வெற்றிலை போடுபவருக்குப் பல் சொத்தை குறைவாக வருகிறது என்று சொன்ன ஆய்வுகள் உண்டு. பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பல் தேய்கிறது, ஈறு தளர்கிறது. அதைவிடக் கொடியது கன்னத்தின் உட்புறத்தில் நடக்கிறது. எந்தப் பக்கம் வெற்றிலையை ஒதுக்குகிறார்களோ அந்தப் பக்கத்துச் சதையில் வெள்ளைத் திட்டு படரும். சிலருக்குச் சிவந்த திட்டு. சிலருக்கு உட்சதை நார் நாராக இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. காரம் பட்டால் எரியும். இவை புற்றுநோய்க்கு முந்திய அறிகுறிகள்.

1993, 1994ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாய் சோதிக்கப்பட்டது. புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் மொத்தத்தில் 1.4 விழுக்காட்டினரிடம் இருந்தன. சீனர்களிடம் அது 0.5 விழுக்காடு. இந்தியர்களிடம் 4 விழுக்காடு. எல்லா இனங்களையும்விட இந்தியர்களே முதலிடம். முதலிடம் பெற்றதற்காக மார்தட்டிக்கொள்ள முடியாத பட்டியல் இது.

புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 1985இல் அறிவித்தது. "புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதானே" என்று பலர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். 2004இல் வெளியான அதே மையத்தின் அறிக்கை அந்த ஆறுதலையும் உடைத்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று அது உறுதி செய்தது.

சுகாதார அமைச்சு 1997இல் வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. தோட்டங்களும் பூர்வகுடியினர் கிராமங்களும் அதன் முக்கிய இலக்கு. அதிகாரிகள் டார்ச் லைட்டும் சிறு கண்ணாடியுமாகப் போனார்கள். வேலை முடிந்து வந்த பெண்களை வாய் திறக்கச் சொன்னார்கள். இத்தனை காலம் வாயை மூடப் பழகியவர்களுக்கு அந்நியர் முன்னால் வாயைத் திறப்பது எளிதா? நோய் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விடவும் மனம் வராது. வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோய் முற்றியிருக்கும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் சிறு அறுவையோடு முடியக்கூடிய நோய், பலருடைய தாடையையும் நாக்கையும் உயிரையும் எடுத்துக்கொண்டது.

பாட்டி வாயை மூடிய கதை இதுதான். பல் கறையை மறைக்க மூடினார். கறையோடு நோயும் மறைந்துகொண்டது.

ஹாலிவுட் கொடுத்த ஒட்டு

இனி வெனீரின் பிறப்புக்கு வரலாம். அது பிறந்தது சினிமாவுக்காக. பேசும் படம் வந்த காலத்தில், 1920களின் இறுதியிலும் 1930களிலும், கலிபோர்னியாவில் சார்ல்ஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். கேமரா நெருங்கி வரும்போது நடிகர்களின் பல் குறைகள் பெரிதாகத் தெரிந்தன. பின்கஸ் மெல்லிய மேலோடுகளைச் செய்து, பல் செட்டு ஒட்டும் பொடியால் தற்காலிகமாக ஒட்டிவிட்டார். காட்சி முடிந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான். சாப்பிட முடியாது. பால்பல் விழுந்துகொண்டிருந்த குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்கும் இப்படித்தான் பல் வரிசை அமைத்தார்கள் என்பார்கள். உலகமே ஆசைப்பட்ட ஹாலிவுட் சிரிப்பு, இரவில் டப்பாவில் கழற்றி வைக்கும் சிரிப்பாக இருந்தது.

அதை நிலையாக ஒட்டவைக்கும் வழி பிறகுதான் வந்தது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டைத் தோட்டத்தார் அறிவார்கள். 1955இல் அமெரிக்காவின் மைக்கேல் புவோனகோர், வேறொரு ஆசிட்டை எனாமல் மீது சில நொடி தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகும், அவற்றில் பசை நன்றாகப் பிடிக்கும் என்று கண்டறிந்தார். 1962இல் ரஃபேல் போவன் அதற்கேற்ற உறுதியான பிசினை உருவாக்கினார். 1983இல் ரிச்சர்ட் சைமன்சன், ஜான் கலாமியா ஆகியோர் பீங்கானின் உட்புறத்தையும் அதேபோல் ஆசிட்டால் சொரசொரப்பாக்கிப் பல்லோடு பிணைக்கும் முறையை வெளியிட்டார்கள். அதன்பிறகுதான் பீங்கான் வெனீர் பல ஆண்டு நிற்கும் சிகிச்சையாயிற்று.

ஒரு காலத்தில் பால்மரத்தில் பீங்கான் மங்கைக் கட்டிப் பால் பிடித்தார்கள் நம்மவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பல்லில் இன்று அதே பீங்கான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டம் கலைந்தது, கண்ணாடி வந்தது

1980களிலும் 1990களிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பல கை மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் ரவாங், புக்கிட் பெருந்தோங், பெஸ்தாரி ஜெயா, சுங்கை பூலோ என்று சிதறினார்கள். பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் பேரங்காடிக்கும் வங்கிக்கும் வேலைக்குப் போனார்கள். பால் வெட்ட முகம் தேவையில்லை. வாடிக்கையாளரிடம் பேச முகம் வேண்டும். நேர்முகத் தேர்வில் சிரிக்க வேண்டும். கைப்பேசியில் கேமரா வந்த பிறகு ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடி வந்துவிட்டது.

எனவே சிரிப்பை அழகாக்க விரும்புவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. உடைந்த முன்பல்லால் பேசவே கூச்சப்பட்ட ஒருவருக்கு அது தன்னம்பிக்கையைத் திருப்பித் தரும். அது நல்ல காரியம். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

வெனீரில் முக்கியமாக இரண்டு வகை. காம்போசிட் என்ற பிசின் வகையைப் பெரும்பாலும் ஒரே அமர்வில் பல் மீதே வைத்துச் செதுக்கிவிடலாம். விலை குறைவு. ஆனால் சில ஆண்டுகளில் கறை ஏறும், நுனி உடையும், பழுது பார்க்க வேண்டிவரும். பீங்கான் வகைக்கு அளவெடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்துவர வேண்டும். நன்றாகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டு வரை நிற்கும். அதன் பருமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். அந்த அரை மில்லிமீட்டருக்கு இடம் கொடுக்கப் பல நேரங்களில் பல்லின் சொந்த எனாமலைச் சீவ வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வராது. அதன்பிறகு அந்தப் பல் வாழ்நாள் முழுவதும் ஏதாவதொரு உறையோடுதான் இருந்தாக வேண்டும். அடுப்புக்கரி தேய்த்த தாத்தா தெரியாமல் இழந்ததைப் பேரன் பணம் கொடுத்து இழக்கிறான் என்று யாரும் சொல்லும்படி ஆகக்கூடாது.

25 வயதில் போட்டால் ஆயுளில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். தனியார் கிளினிக்குகளில் பீங்கான் வெனீர் ஒரு பல்லுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆவது வழக்கம். மேல்வரிசை முன்பற்கள் ஆறு என்று வைத்துக்கொண்டாலும் ஆறாயிரம் வெள்ளிக்கு மேல். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மூன்றரை மாத உழைப்பு அப்படியே பல்லுக்குப் போகிறது. வெறும் கறைதான் பிரச்சினை என்றால் முதலில் பல்லைச் சுத்தம் செய்து பார்க்கலாம். பிறகு மருத்துவர் மேற்பார்வையில் வெளுக்கச் செய்யலாம். பாதிப்பேருக்கு அதிலேயே மனம் நிறைந்துவிடக்கூடும். இயற்கைப் பல் சுண்ணாம்பு வெள்ளை அல்ல. உள்ளிருக்கும் மஞ்சள் லேசாகத் தெரிவதுதான் அதன் உயிர். மாநிறத்து முகத்தில் காகித வெள்ளைப் பல் வைத்தால் முகத்துக்கு முன்னால் பல்தான் வரும்.

ஈறு நோய் உள்ளவர், தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர், வெற்றிலை பாக்கை விட முடியாதவர் ஆகியோர் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். அஸ்திவாரம் ஆடும் வீட்டுக்கு யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை.

அறை எடுத்துப் பல் ஒட்டும் ஆசாமிகள்

விலை அதிகம் என்பதால் இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அழகு நிலையத்திலும் ஹோட்டல் அறையிலும் வைத்து மலிவாக வெனீர் ஒட்டுகிறோம், பல் கம்பி கட்டுகிறோம் என்று சமூக ஊடகங்களில் அழைக்கிறார்கள். 2017இல் பதிவில்லாமல் பல் சிகிச்சை நடத்திய ஒருவருக்கு மலாக்காவில் நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. பதிவு பெறாத தனியார் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. 2018ஆம் ஆண்டின் புதிய பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. பல் மருத்துவரின் பதிவைச் சோதித்துக்கொள்வது ஒவ்வொருவரின் உரிமை.

தாத்தா காலத்தில் கடைவீதிப் பல் கட்டுவோரிடம் போனதற்குக் காரணம் இருந்தது. வேறு ஆள் இல்லை. இன்று கோலசிலாங்கூர் வட்டாரத்திலேயே அரசாங்கப் பல் கிளினிக்குகள் இருக்கின்றன. படித்த டாக்டர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இன்றும் கள்ளத்தனமான கைகளுக்கு வாயைத் திறப்பது என்ன நியாயம்?

போலி ஆசாமிக்கும் உண்மையான பல் மருத்துவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு பசையில் இல்லை. போலி, முன்னால் தெரியும் ஆறு பல்லை மட்டும் பார்க்கிறார். மருத்துவர் முதலில் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுக் கன்னத்தைப் பார்க்கிறார், நாக்கைத் தூக்கி அடியில் பார்க்கிறார், ஈறைத் தொட்டுப் பார்க்கிறார். சில நிமிட வேலைதான். வெள்ளைத் திட்டு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். முன்பு தோட்டத்துக்குத் தேடி வந்து செய்த சோதனையை, இன்று சிரிப்பழகுக்காகத் தானே நடந்துபோகும் இளைஞன் கூடுதல் செலவில்லாமல் பெற்றுக்கொள்கிறான். வெனீர் மோகத்தால் விளையக்கூடிய பெரிய நன்மை இது.

அந்த நன்மை யாருக்கு மிகவும் தேவையோ அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். வாசற்படியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு வெனீர் வேண்டாம். தங்கப் பல்லும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், எரிச்சல், திறக்க மறுக்கும் வாய் ஆகியவை இருக்கின்றனவா என்று ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும்.

அடுத்த முறை பல் கிளினிக்கில் நேரம் குறித்துக்கொள்ளும் பேத்தி, ஒரு பெயருக்குப் பதிலாக இரண்டு பெயரைப் பதியட்டும். "பாட்டி, நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். சேலைத் தலைப்பை எடுத்துவிட்டுப் பாட்டியும் ஒருமுறை நன்றாக வாய் திறக்கட்டும். அங்கே ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.